ரோமுக்கு வேலை விஷயமாகப் போகிறவர்கள் சுற்றிப் பார்ப்பதில் செய்யும் தவறுகள்

ரோமுக்கு ஆபீஸ் வேலையாகப் போகிறவர்கள் பலர் ஊருக்குத் தெற்கே இருக்கும் எயூர் பகுதியில்தான் தங்க நேரும். 1942-ல் ஓர் உலகக் கண்காட்சி நடத்துவதற்காக முசோலினி காலத்தில் கட்ட ஆரம்பித்த பகுதி அது. போர் வந்து கண்காட்சி நடக்காமல் போனது; இன்று கம்பெனி அலுவலகங்களும் மாநாட்டு அரங்குகளுமாக இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். அதன் தலைமையகம் சர்க்கஸ் மாக்ஸிமஸ் மைதானத்தின் ஓரத்திலேயே இருக்கிறது; அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் கொலோசியம்.

எங்கே தங்கினாலும் முழு நாள் கையில் கிடைக்காது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், கிளம்பும் நாளில் அரை நாள் என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். 'மூன்று நாளில் ரோம்' மாதிரியான சுற்றுலாப் பட்டியலை எடுத்துவந்து அந்தத் துண்டுகளுக்குள் திணிப்பதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய். எந்தத் துண்டுக்கு எந்த இடம் பொருந்தும் என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காலை நேரத்தை வீணாக்குவது

நம் ஊர் நேரத்துக்கு ரோம் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. அதனால் முதல் சில நாட்கள் விடியற்காலை நாலு மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். பலர் படுக்கையில் புரண்டபடி போனைப் பார்த்துக்கொண்டு, ஹோட்டல் காலை உணவுக்குக் காத்திருப்பார்கள். இப்படிச் சீக்கிரம் விழிப்பு வருவது ஐரோப்பாவிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்காத வசதி. திரேவி நீரூற்றைக் கூட்டமில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் ஆறு மணிக்குப் போக வேண்டும். வத்திக்கானில் இருக்கும் புனித பேதுரு பேராலயம் ஏழு மணிக்குத் திறக்கிறது, நுழைவு இலவசம். பத்து மணிக்கு மேல் பாதுகாப்புச் சோதனை வரிசை சதுக்கத்தையே வளைத்து நிற்கும். ஏழு மணிக்குப் பெரும்பாலும் நேராக உள்ளே போய்விடலாம். உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் மைக்கலாஞ்சலோவின் 'பியத்தா' சிற்பம். 1972-ல் ஒருவன் சுத்தியலால் அடித்துச் சேதப்படுத்தியதிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. பகலில் அந்தக் கண்ணாடி முன்னால் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். காலை ஏழேகாலுக்கு எதிரில் நின்று பார்க்கலாம்.

புதன்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். போப் ஊரில் இருந்தால் அன்று காலை பொதுச் சந்திப்பு நடக்கும், பேராலயத்துக்குள் விட மாட்டார்கள். குவிமாடத்தின் மேலே ஏற ஆசைப்பட்டால் மொத்தம் 551 படிகள். லிஃப்ட் எடுத்தாலும் 320 படி மிச்சம். ஒன்பதரைக்கு மீட்டிங் இருக்கிற நாளில் அந்த வேலை வேண்டாம்.

வத்திக்கானை நடுவில் செருகுவது

பேராலயமும் வத்திக்கான் அருங்காட்சியகமும் ஒரே வாசல் என்று நினைத்துச் சதுக்கத்தின் வரிசையில் நிற்பவர்களை எப்போதும் பார்க்கலாம். அருங்காட்சியக வாசல் மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்கும் தூரத்தில், வேறு பக்கத்தில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் சிஸ்டைன் சேப்பலை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பதும் நடக்காது; நீண்ட கூடங்களையெல்லாம் கடந்துதான் அங்கே போக முடியும். அரை நாள் இல்லையென்றால் விட்டுவிடுவது மேல். ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, அன்று போகலாம் என்று வைத்திருந்தால் அன்று மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் தாங்காது.

மாலையில் கொலோசியம் என்று நினைப்பது

இத்தாலியர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்கு மேல்தான் உட்காருவார்கள். மீட்டிங் ஆறு மணிக்கு முடிந்தால் நடுவில் இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்கிறது. அந்த நேரத்துக்குக் கொலோசியத்தை ஒதுக்குவதுதான் வழக்கமான சறுக்கல். குளிர்காலத்தில் அது நாலரைக்கே மூடிவிடும், கடைசி நுழைவு அதற்கு ஒரு மணி நேரம் முன்பு. கோடையில் ஏழேகால் வரை திறந்திருந்தாலும் ஆறேகாலுக்குள் வாசலில் இருக்க வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பொருத்தமானது கேப்பிடோலின் குன்று. மேலே மைக்கலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கம் எப்போதும் திறந்தே இருக்கும். நகராட்சிக் கட்டடத்தின் பக்கவாட்டில் பின்னால் போனால், பண்டைய ரோமின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரம் முழுவதும் கீழே தெரியும், இருட்டிவிட்டால் விளக்கொளியில். டிக்கெட் கிடையாது. என்னைக் கேட்டால், பகல் வெயிலில் உள்ளே நடந்து திரிவதைவிட ஃபோரத்தின் அமைப்பு அங்கிருந்துதான் நன்றாகப் புரிகிறது. பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் போகிறவர்கள் அது ஏழு மணிக்கு மூடும் என்பதை நினைவில் வையுங்கள். 2023 ஜூலை முதல் நுழைவுக் கட்டணமும் உண்டு. மழை வந்தால் பலர் பாந்தியனை ரத்து செய்துவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் போக வேண்டும். குவிமாடத்தின் உச்சியில் இருக்கும் திறந்த வட்டத்தின் வழியாக மழை நேராக உள்ளே விழும். தரையில் இருக்கும் சிறு துளைகள் வழியே தண்ணீர் வடிந்துவிடும்.

டிக்கெட் விஷயத்தில் அசட்டை

கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆபீஸ் ஐடி கார்டு செல்லாது, பாஸ்போர்ட் வேண்டும். கூட வரும் சக ஊழியருக்கும் சேர்த்து எடுத்துவிட்டு, அவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் அந்த டிக்கெட்டை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. மீட்டிங் இழுக்கும் என்று தெரிந்த நாளில் நேரம் குறித்த டிக்கெட்டை எடுக்கவே எடுக்காதீர்கள்.

சாதாரண டிக்கெட்டே 24 மணி நேரத்துக்குச் செல்லும், ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அதிலேயே சேர்த்தி. மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. ஒருநாள் பிற்பகல் கொலோசியம், மறுநாள் காலை ஃபோரம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஃபோரத்துக்குள் ஒன்றுமே படிக்காமல் போனால் உடைந்த கற்கள்தான் தெரியும். எல்லாவற்றையும் படிக்கவும் நேரம் இருக்காது. அந்தோனினஸ், ஃபாஸ்டினா கோயில் என்று ஒன்று இருக்கிறது; அதை மட்டும் நின்று பாருங்கள். பத்துப் பெரிய தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கதவு தரையிலிருந்து ஒரு மாடி உயரத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கும், படிக்கட்டு எதுவும் அதுவரை போகாது. கோயில் தேவாலயமாக மாறிய பிறகு பல நூற்றாண்டுகளில் மண் மேடேறி, அந்தக் கதவு இருக்கும் மட்டம்தான் தரையாக இருந்தது. பிறகு தோண்டிப் பழைய தரையைக் கண்டுபிடித்தபோது கதவு மேலேயே நின்றுவிட்டது. ஃபோரம் எத்தனை ஆழம் புதைந்திருந்தது என்பதை எந்த வழிகாட்டியின் விளக்கமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. அங்கிருந்து சற்றுத் தள்ளி மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பழைய பொது மண்டபத்தின் பிரம்மாண்ட வளைவுகள். அந்த இடத்தில் அதற்கு முன்பு பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து கப்பலேறிய மிளகு வந்து சேர்ந்த ஊர் இது. நம்மவர்கள் பெரும்பாலானோர் அந்த இடத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள்.

உடை, செருப்பு, லேப்டாப்

தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆபீஸ் உடையில் போனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஆபீஸ் ஷூ காலை வாரிவிடும். பழைய ரோமின் தெருக்களில் பதித்திருக்கும் கறுப்புக் கற்கள் மழையில் வழுக்கும், வழவழப்பான தோல் அடிப்பாகம் அதில் நிற்காது. ஸ்பானியப் படிக்கட்டில் கால்வலிக்கு உட்காரவும் முடியாது. 2019 முதல் தடை, அபராதம் 250 யூரோவில் ஆரம்பிக்கிறது. குடிதண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், தெருவெங்கும் ஓடும் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்.

கம்பெனி லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு நேராக மீட்டிங்கிலிருந்து கிளம்புவது இருப்பதிலேயே விலை அதிகமான தவறு. ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினியும், அங்கிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ்ஸும் பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனவை. பர்ஸ் போனால் உங்கள் நஷ்டம். லேப்டாப் போனால் போலீஸ் புகார், ஐடி துறைக்கு விளக்கம் என்று மீதிப் பயணமே அதிலேயே போய்விடும். ஹோட்டலில் வைத்துவிட்டுப் போக அரை மணி நேரம் செலவானாலும் பரவாயில்லை.

கூடுதல் நாட்கள்

வேலை முடிந்து ஓரிரு நாள் தங்க நினைப்பவர்கள் விமான டிக்கெட்டை மட்டும் தள்ளிப்போட்டுவிட்டு விசாவை மறந்துவிடுகிறார்கள். இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் தேதிகளோடு தங்கும் நாட்களின் எண்ணிக்கையும் தனியாக இருக்கும். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். எனவே விண்ணப்பிக்கும்போதே அந்த நாட்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பயண இன்சூரன்ஸ் அந்த நாட்களுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோட்டல் பில்லை இரண்டாகப் பிரித்துத் தரச் சொன்னால் அக்கவுண்ட்ஸ் பிரிவோடு வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.

கிளம்பும் நாளில் சூட்கேஸை இழுத்துக்கொண்டு கொலோசியம் போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள். ஹோட்டலிலோ டெர்மினியிலோ வைத்துவிடலாம். டெர்மினியிலிருந்து ஃபியுமிச்சினோ விமான நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் போய்விடும். வெள்ளிக்கிழமை விமானம் என்றால் அன்று வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று முந்தின நாளே ஹோட்டல் வரவேற்பறையில் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியில் அது அடிக்கடி நடக்கும். வேலைநிறுத்த நாளிலும் ரோமில் காலை எட்டரை வரையும் மாலை 5 முதல் 8 வரையும் மெட்ரோவும் பஸ்ஸும் ஓடும், நடுவில் மாட்டிக்கொண்டால் டாக்சிதான். டாக்சியில் ஏறினால், நகர மையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம்தான் என்பதை ஏறுவதற்கு முன்பே டிரைவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.