டர்பன்ல ஃப்ரீ சாட்டிலைட் டிவி பாக்கணுமா, டிஷ் வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கிற சாட்ஸ்வர்த்ல எங்க தெருவுல நின்னு கூரையெல்லாம் நிமிந்து பாத்தா எல்லா டிஷ்ஷும் ஒரே பக்கம் மூஞ்சியத் திருப்பிட்டு நிக்கும், கோயில்ல தீபாராதனை காட்டும்போது கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் பாக்குமே அந்த மாதிரி. அது எல்லாம் பாக்குறது வானத்துல 68.5 டிகிரி கிழக்குங்கிற இடம், அங்கதான் இன்டெல்சாட் 20ங்கிற சாட்டிலைட் இருக்கு, பக்கத்துலயே இன்டெல்சாட் 36-ம் இருக்கு. சந்தா கட்டிப் பாக்குற டிஎஸ்டிவி வர்றது அங்கருந்துதான், மாசக் கட்டணம் இல்லாத ஓப்பன்வியூ வர்றதும் அங்கருந்துதான். அதனால சந்தா கட்டுறத நிறுத்திட்டீங்கன்னா டிஷ்ஷைக் கழட்டி காயலான் கடைக்குப் போட்றாதீங்க, உங்க பாதி வேலை கூரை மேல ஏற்கனவே முடிஞ்சு கெடக்கு.

நான் பண்ண தப்ப முதல்ல சொல்லிட்றேன். தமிழ் சேனல் ஃப்ரீயா வரும்னு ஒரு கடைக்காரர் சொன்னத நம்பி ஒரு ரிசீவர், அதாவது டிவியோட மாட்டுற பொட்டி, வாங்கிட்டு வந்து பழைய டிஷ்ல மாட்டி ஸ்கேன் போட்டேன், வந்ததுல முக்காவாசி மத சேனல், தமிழ் ஒண்ணு கூட இல்ல. எங்க ஆயா ரெண்டு நாள் பேசல. அப்புறம்தான் புரிஞ்சுது, வீட்டு டிஷ் பிடிக்கிறது கேயூ பேண்ட்ங்கிற உயர்ந்த அலைவரிசை, தமிழ்நாட்டுச் சேனல்கள் வெளிநாட்டு சாட்டிலைட்ல ஏறுறது பெரும்பாலும் சி பேண்ட்ங்கிற அதவிடக் கொறஞ்ச அலைவரிசை. வானத்துல ஒரே இடம்தான், ஆனா அலைவரிசை வேற, எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு சிக்னலப் பிடிக்கிற தலை) வேற, டிஷ் சைஸும் வேற. பொட்டிய மாத்தி என்ன பிரயோஜனம்?

அதனால சாமான் வாங்குறதுக்கு முன்னாடி எந்தச் சேனல் வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அது இன்னைக்கு எந்த சாட்டிலைட்ல, எந்த பேண்ட்ல, எந்த பீம்ல ஓடுதுன்னு பாருங்க, போன வருஷ லிஸ்ட்ட நம்பாதீங்க, இந்தியச் சேனல்கள் இடம் மாறிக்கிட்டே இருக்கும். பீம், அதாவது சாட்டிலைட் எந்தப் பகுதி மேல சிக்னல் வீசுதுங்கிறது, ரொம்ப முக்கியம். ஒரே சாட்டிலைட்லருந்தே ஒரு பீம் ஆப்பிரிக்காவப் பாக்கும், இன்னொண்ணு ஆசியாவ மட்டும் பாக்கும். இந்தியாவோட ஜிசாட் சாட்டிலைட் வரிசைல ஓடுற நிறைய சேனல் இந்தியாவையும் சுத்தி உள்ள நாடுகளையும் குறி வச்சுப் போடுறது, டர்பன்ல நீங்க எவ்ளோ பெரிய டிஷ் வச்சாலும் காசுதான் நஷ்டம். நமக்கு ஆசை வைக்கக்கூடிய இடம் 68.5-ல இன்டெல்சாட் 20 சி பேண்ட், அப்புறம் 66-ல இன்டெல்சாட் 17, அதுலயும் கவரேஜ் மேப்பப் பாத்துட்டுத்தான். பெரிய சேனல்கள் சந்தா இல்லாம தெரியாத மாதிரி பூட்டித்தான் இருக்கும். அந்தப் பூட்டத் தொறக்க கார்டு ஷேரிங், கீ போட்டுத் தர்றேன்னு யாராச்சும் வந்தா கும்புடு போட்டு அனுப்பிருங்க, அது திருட்டு.

டிஷ் சைஸ். கேயூவுக்கு உள்நாட்டுப் பக்கம் 80 செ.மீ. போதும், டர்பன் மாதிரி கடலோரத்துல 90 போடுங்க, கோடை மழை கொட்டும்போது அந்த வித்தியாசம் தெரியும். சி பேண்ட்டுக்கு 1.8 மீட்டர்னு ஆரம்பிங்க, பீம் கொஞ்சம் மெலிசா இருந்தா 2.4. மழைக்கு சி பேண்ட் அவ்வளவா பயப்படாது, ஆனா காத்துக்கு அந்த டிஷ் பாய்மரம் மாதிரி, அதனால கூரைல வைக்காம பின்பக்கம் தரைல கான்கிரீட் போட்டு கம்பத்த நட்டுருங்க. கம்பம் நேரா இருக்கான்னு மட்டம் வச்சுப் பாக்கணும், கம்பம் சாஞ்சிருந்தா பின்னாடி வர்ற எல்லா அளவும் பொய்.

இப்ப திசை. டர்பன்லருந்து 68.5-க்கு உண்மையான வடக்குலருந்து கிழக்கால சுமார் 57 டிகிரி, உயரம், அதாவது தரைலருந்து நிமித்துற கோணம், சுமார் 36 அரை. 66-க்கு 55-ம் 38 அரையும். இங்கதான் எல்லாரும் வழுக்கி விழுறது: நம்ம ஊர்ல காம்பஸ் ஊசி உண்மையான வடக்கக் காட்டாது, சுமார் 25 டிகிரி மேற்கால இழுத்துக் காட்டும். ஆக காம்பஸ்ல 82 வர்ற பக்கம் திருப்பினாத்தான் நிஜத்துல 57. இது தெரியாம காம்பஸ்ல 57 வச்சிட்டு நின்னா நீங்க பாக்குறது கிட்டத்தட்ட 48 டிகிரி கிழக்கு, நாள் முழுக்க வெயில்ல காஞ்சாலும் ஒண்ணும் வராது. போன் காம்பஸ்ல உண்மை வடக்குன்னு ஒரு செட்டிங் இருந்தா அத ஆன் பண்ணிக்கோங்க, இரும்புக் கம்பத்துகிட்ட வச்சுப் பாக்காதீங்க. இதெல்லாம் வேணாம்னா பக்கத்து வீட்டு டிஷ்ஷப் பாத்துத் திருப்புங்க, சத்தியமா அதுதான் சுலபம்.

ஆஃப்செட் டிஷ் (எல்என்பி நடுவுல இல்லாம கீழ தள்ளி இருக்கிறது) பாக்க கிட்டத்தட்ட நிமிந்து நிக்கிற மாதிரிதான் இருக்கும், 36 டிகிரி எங்கன்னு குழம்பாதீங்க, பின்னாடி பிராக்கெட்ல இருக்கிற அளவுகோல்ல வச்சா போதும்.

எல்என்பிய சும்மா நேரா சொருகிட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி. நமக்கு சாட்டிலைட் ரொம்ப கிழக்கால இருக்கிறதால எல்என்பி சுமார் 47 டிகிரி திரும்பணும். டிஷ்ஷுக்கு முன்னாடி அதப் பாத்து நின்னீங்கன்னா கேபிள் சொருகுற முனை கடிகாரத்துல நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல வரும். அங்க வச்சிட்டு ரிசீவர் மீட்டர்ல குவாலிட்டி ஏறுதான்னு பாத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டரா திருப்புங்க. நேரா ஆறு மணில விட்டா படுக்கையா வர்ற ஹாரிசான்டல் அலையும் நிமிந்து வர்ற வெர்டிகல் அலையும் ஒண்ணோட ஒண்ணு கலந்து ரெண்டும் கெட்டுப் போயிரும்.

சி பேண்ட் எல்என்பி வாங்கும்போது 5ஜி ஃபில்டர் இருக்கிறதா கேளுங்க. 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மொபைல் கம்பெனிங்க வந்துட்டாங்க, 2022 மார்ச் ஏலத்துல கூட அந்த பேண்ட் போச்சு, பக்கத்துல டவர் இருந்தா சாதா எல்என்பி திணறும்.

ரிசீவர்ல டிவிபி-எஸ்2 (சாட்டிலைட் சிக்னல் முறை), ஹெச்.264, முடிஞ்சா ஹெச்.265 (வீடியோவச் சுருக்குற முறைகள்), பிளைண்ட் ஸ்கேன் (ஃப்ரீக்வென்சி தெரியாமலே தானா தேடுறது), இது இருந்தா போதும். எல்என்பி செட்டிங் கேயூவுக்கு யுனிவர்சல், அதாவது 9750 / 10600. சி பேண்ட்டுக்கு 5150, எல்லாம் மெகாஹெர்ட்ஸ்ல. தப்பா போட்டா டிஷ் சரியா இருந்தாலும் ஸ்கேன் காலியா வரும். கணக்கு இதுதான்: சி பேண்ட்ல 5150-லருந்து சேனல் ஃப்ரீக்வென்சியக் கழிக்கணும், 3845-ன்னா 1305, கேயூல தலைகீழா, 11170-லருந்து 9750-ஐக் கழிச்சா 1420. வர்ற நம்பர் 950-க்கும் 2150-க்கும் நடுவுல இருந்தா நீங்க போட்டது சரி. வெர்டிகலுக்கு 13 வோல்ட், ஹாரிசான்டலுக்கு 18 வோல்ட் பொட்டியே அனுப்பும், அதனாலதான் ஒரே எல்என்பி வயர்ல ஸ்பிளிட்டர் போட்டு ரெண்டு பொட்டிய மாட்டினா ரெண்டும் சண்டை போடும், ரெட்டை அவுட்புட் எல்என்பி வாங்குங்க. உங்க கூரைல இருக்கிறது புது ஸ்மார்ட் எல்என்பின்னா அதுல யூனிகேபிள் போர்ட் (ஒரே வயர்ல பல பொட்டிக்குப் போறது) தனி, சாதா போர்ட் தனி, ஃப்ரீ ரிசீவர சாதா போர்ட்லதான் சொருகணும்.

மீட்டர்ல ஸ்ட்ரெங்த் 90 காட்டுதேன்னு துள்ளாதீங்க, வயரும் எல்என்பியும் உயிரோட இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். குவாலிட்டியப் பாருங்க. ஒரு டிரான்ஸ்பாண்டர (அதாவது சாட்டிலைட்டோட ஒரு ஃப்ரீக்வென்சிய) மட்டும் போட்டு வச்சிட்டு டிஷ்ஷ ரொம்ப மெதுவா அசைச்சு, ஒவ்வொரு அசைவுக்கும் ரெண்டு மூணு செகண்ட் விடுங்க, பொட்டி யோசிச்சுத்தான் காட்டும். தனியா பண்ணாதீங்க, கீழ ஒருத்தர் டிவி முன்னாடி போன்ல இருக்கட்டும். எங்க வீட்ல அது அக்கா மகன், வந்துச்சு மாமா போச்சு மாமான்னு கத்தியே அவனுக்குத் தொண்டை கட்டிருச்சு.

கேபிள் ஆர்ஜி6, உள்கம்பி செம்பு. கனெக்டருக்கு மேல ரப்பர் டேப் சுத்திருங்க, உப்புக் காத்து ஆறு மாசத்துல பச்சை பிடிக்க வச்சிரும். கொரங்குங்க வயரப் பிடிச்சு ஊஞ்சல் ஆடும், தொங்க விடாம குழாய்க்குள்ள ஓட்டுங்க.

கடைசியா ஒண்ணு. ஏப்ரல் ஆரம்பத்துலயும் செப்டம்பர் ரெண்டாவது வாரத்துலயும் கொஞ்ச நாள் காலைல ஒம்பது மணி சுமாருக்கு படம் கட்டம் கட்டமா உடையும், சூரியன் நேரா சாட்டிலைட்டுக்குப் பின்னாடி வந்து நிக்கிற நேரம் அது. அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஸ்பேனரத் தொடாதீங்க. வெளிய போய் டிஷ் மேல விழுற நெழலப் பாருங்க, மாமரக் கிளை நெழல் அதுல விழுந்துச்சுன்னா வருஷம் முழுக்க சிக்னலத் தின்னுட்டு இருந்தது அந்தக் கிளைதான், அரிவாள எடுத்துட்டு வாங்க.