‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’யை முதல்முறை படிப்பது எப்படி? மலைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

“பாடப் புத்தகம் தவிர இங்கிலீஷில் எதுவும் படிச்சதில்லை. மந்திரம், சாகசம்னு ஏதாவது ஒரு நாவல் சொல்லுங்க” என்று கோத்தகிரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நான் எடுத்துக் கொடுப்பது எப்போதும் ஒரே புத்தகம்தான்: உர்சுலா கே. லெ குவின் எழுதி 1968இல் வந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’. மெல்லிய புத்தகம், மொத்தமே பத்து அத்தியாயம். ஆனால் பாதியில் மூடி வைத்தவர்கள் நிறைய. கேட்டால் ஆங்கிலம் கஷ்டம் என்பார்கள். எனக்கென்னவோ அவசரம்தான் காரணம் என்று படுகிறது. படையெடுப்பு, ராஜ்யத்தைக் காப்பாற்றுவது என்று எதிர்பார்த்துப் போனால் இந்த நாவல் கைகொடுக்காது. அதன் போக்கிலேயே போகத் தெரிந்தால் விடாது.

எப்படிப் போவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கதையின் முக்கியமான முடிச்சுகளை அவிழ்க்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.

படி 1: தனிப் புத்தகமாக வாங்குங்கள்

2018இல் எர்த்ஸீ கதைகள் எல்லாவற்றையும் சேர்த்து, சார்ல்ஸ் வெஸ்ஸின் ஓவியங்களோடு ஒரே பெரிய தொகுதி வந்தது. பார்க்க அழகு. ஆனால் அதை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மடியில் வைத்துப் படிக்க முடியாது. அந்தத் தடிமனைப் பார்த்தாலே புதிதாகப் படிப்பவருக்குக் கை ஓடாது. முதல் நாவல் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, அது போதும்.

அட்டைப் படத்தை நம்பாதீர்கள். நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. கொள்ளையடிக்க வருகிற கார்க் வீரர்கள்தான் வெள்ளைத் தோல்காரர்கள். அமெரிக்காவில் இத்தகைய கதைகளின் நாயகர்கள் எல்லாம் வெள்ளையர்களாகவே இருந்த காலத்தில் லெ குவின் தெரிந்தே செய்த காரியம் இது. அப்படியும் பல அட்டைகளில் கெட் வெள்ளைக்காரப் பையனாகவே நிற்பான். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அதே கதைதான், லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். உங்கள் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருக்கிற ஒருவன் முகத்தை வைத்துக்கொண்டு படியுங்கள், பொருத்தமாக இருக்கும்.

படி 2: வரைபடத்தைத் திறந்து வையுங்கள்

பெரும்பாலான பதிப்புகளில் முன்பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும். கடல் நடுவே சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான தீவுகள், அதுதான் எர்த்ஸீ. கதை எழுதும் முன்பே லெ குவின் வரைபடத்தைப் போட்டுவிட்டார். அதனால் கெட் எங்கே கிளம்பி எங்கே போகிறான் என்பதைப் படத்தில் பின்தொடர முடியும்.

எல்லாத் தீவின் பெயரையும் மனப்பாடம் செய்ய உட்கார வேண்டாம். இப்போதைக்கு இரண்டைக் கண்டுபிடியுங்கள்: வடகிழக்கில் கோன்ட், நடுக்கடலில் ரோக். பென்சிலால் வட்டம் போடுங்கள். மற்றவை கதையில் வர வர ஒரு கோடாக இழுத்துக்கொண்டே போங்கள்.

படி 3: முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படியுங்கள்

முதல் பத்தியிலேயே பலருக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. இந்தக் கெட் பிற்காலத்தில் பெரிய மந்திரவாதியாக, டிராகன்களோடு பேசத் தெரிந்தவனாகப் புகழ்பெற்றான் என்று ஆசிரியரே போட்டு உடைத்துவிடுகிறார். “அப்போ சாகமாட்டான்னு தெரிஞ்சுபோச்சே, அப்புறம் என்ன த்ரில்?” என்று ஒரு பிளஸ் ஒன் பையன் என்னிடம் சண்டைக்கே வந்தான். பதினெட்டாம் போர் கூத்துக்கு விடிய விடிய உட்காருகிறவர்களுக்குத் துரியோதனன் சாவது தெரியாதா என்ன? இந்த நாவலும் அப்படிச் சொல்லப்படும் கதைதான். வீரன் ஒருவனின் பாட்டில் இடம்பெறாமல் விட்டுப்போன இளவயதுக் கதை என்ற பாவனையில் எழுதியிருக்கிறார். வசனம் குறைவு, நீளமான வாக்கியங்கள் அதிகம். கண்ணால் ஓட்டினால் சலிக்கும். வாய்விட்டுப் படித்தால் எங்கே மூச்சுவிட வேண்டும் என்று வாக்கியமே காட்டிக் கொடுக்கும்.

இந்த அத்தியாயத்தில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. கோன்ட் என்பது கடலிலிருந்து நேராக எழும் ஒற்றை மலை. உயரம் ஒரு மைல், அதாவது சுமார் 1600 மீட்டர். நம் கோத்தகிரியே அதைவிடக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. மேட்டில் இருக்கும் ஊர், ஆடு மேய்க்கும் பையன், அம்மா இல்லாத வீடு. ஏழு வயதில் அவன், அம்மாவின் கூடப்பிறந்தவள் சொல்லக் கேட்ட ஒரு மந்திரப் பாட்டை அர்த்தம் தெரியாமல் ஆடுகளைப் பார்த்துச் சொல்கிறான். ஆடுகள் வருகின்றன. வந்தவை நிற்காமல் நெருங்கி நெருங்கி அவனை முட்டிக்கொண்டு சூழ்ந்துவிடுகின்றன. பையன் பயந்துபோய் ஊருக்குள் ஓட, மொத்த மந்தையும் அவனோடு ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. மந்திரம் என்றால் என்ன என்பதை லெ குவின் இந்த ஒரு காட்சியில் காட்டிவிடுகிறார்: கூப்பிடுவது சுலபம், போகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் மூடுபனி. கார்க் படை ஊருக்குள் நுழையும்போது, பன்னிரண்டு வயதுப் பையன் பனியைத் திரட்டி ஊரையே மறைக்கிறான். ஊர்க்காரர்களுக்கு வழி கால்பழக்கம், வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பனிக்குள் தெரியும் உருவங்களைத் துரத்திப் போய்ச் சிலர் பள்ளத்தில் விழுகிறார்கள். சமவெளியில் படிக்கிறவர்கள் இதைக் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும். ஐப்பசி மாதத்தில் அரவேணு பக்கம் சாயங்காலம் நடந்திருந்தால் உங்களுக்கு அந்த வேலை இல்லை. பத்தடி தள்ளி நிற்கிற தேயிலைச் செடி தெரியாது, பஸ்ஸின் மஞ்சள் விளக்கு முதலில் எந்தப் பக்கம் வருகிறது என்றே புரியாது, பேச்சுக்குரல் மட்டும் காதோரம் கேட்கும். அந்த ஞாபகத்தோடு படியுங்கள்.

படி 4: பெயர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு

டூனி, ஸ்பாரோஹாக், கெட் மூன்றும் ஒரே ஆள்தான். முதலாவது பிறந்தபோது வைத்த பெயர், இரண்டாவது ஊருக்குள் கூப்பிடும் பெயர், மூன்றாவது உண்மைப் பெயர். எர்த்ஸீயில் ஒருவனின் உண்மைப் பெயர் தெரிந்தால் அவன் உயிரே உங்கள் கையில். அதனால் மிக நெருங்கியவர்களிடம் மட்டுமே சொல்வார்கள். யார் யாருக்கு உண்மைப் பெயரைச் சொல்கிறார்கள் என்று சீட்டில் குறித்து வாருங்கள். இந்த நாவலில் நட்பு, துரோகம், பேரம் எல்லாமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

படி 5: இரண்டாம் அத்தியாயத்தில் நிறுத்திவிடாதீர்கள்

நிறைய பேர் மூடி வைப்பது இங்கேதான். ஓகியன் என்ற பெரிய மந்திரவாதி கெட்டைச் சீடனாக அழைத்துப் போகிறார். போகிறார், போகிறார், எதையும் கற்றுத்தரவில்லை. மழை வருகிறது. மேகத்தை வேறு பக்கம் தள்ளிவிடச் சாதாரண மந்திரவாதிக்கே தெரியும். இவரோ பெய்கிற மழையைப் பெய்ய விட்டு, ஒரு ஊசியிலை மரத்தடியில் பேசாமல் படுத்துவிடுகிறார். நனைந்து கடுகடுவென்று உட்கார்ந்திருக்கும் கெட்டுக்கு வருகிற கோபம் உங்களுக்கும் வரும். வரட்டும். ஓகியன் ஏன் மழையை நிறுத்தவில்லை என்ற கேள்விக்கு இப்போதே பதில் தேடாமல் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள்.

என்னைக் கேட்டால் இந்த நாவலிலேயே எனக்குப் பிடித்த ஆள் ஓகியன்தான். ஆனால் முதல் வாசிப்பில் யாருக்கும் அவரைப் பிடிப்பதில்லை.

படி 6: மந்திரப் பள்ளி

மூன்றும் நான்கும் ரோக் தீவின் பள்ளியில் நடக்கின்றன. மந்திரவாதி என்றால் வெள்ளைத் தாடிக் கிழவர்தானே, அவர்கள் எல்லாம் சின்ன வயதில் எங்கே போய்ப் படித்தார்கள் என்ற யோசனையிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று லெ குவின் பிற்பாடு எழுதியிருக்கிறார். இங்கே இரண்டு பாடங்களை மெதுவாகப் படியுங்கள். ஒன்றில் ஆசிரியர் ஒரு கூழாங்கல்லை வைரமாகக் காட்டுகிறார். அது தோற்றம் மட்டும். உண்மையிலேயே மாற்ற வேண்டுமானால் உலகத்தின் சமநிலையே அசையும் என்கிறார். இன்னொன்று தனிக் கோபுரத்தில் நடக்கும் பெயர்ப் பாடம்: பட்டியல் பட்டியலாகப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டும், நள்ளிரவானால் எழுத்து மறைந்துவிடும். பொதுத்தேர்வு எழுதியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

நாலாம் அத்தியாயத்தை ஒரே உட்காரலில் முடியுங்கள். படி 3இல் குறி போட்ட ஆட்டுக் காட்சிக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய நேரமும் இதுதான்.

படி 7: கடல்

இனி நம் பாடு கொஞ்சம் திண்டாட்டம். ஐந்திலிருந்து பத்து வரை கதை பெரும்பாலும் படகில்தான் போகிறது. பாய்மரம், சுக்கான், துடுப்புக்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதைப் போனில் ஒரு படகுப் படத்தை வைத்து ஒரே தடவையில் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அகராதி புரட்டினால் காற்று நின்றுவிடும். மற்றச் சொற்களை விட்டுத் தள்ளுங்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் டிராகன் வரும். கிழட்டு டிராகனோடு நடப்பது பேரம், அதைக் கவனமாகப் படியுங்கள். “வில்லன் யாரு? பள்ளியில் கூடப் படிச்ச ஜாஸ்பரா, டிராகனா?” என்று கேட்டுக்கொண்டே போவதை மட்டும் நிறுத்துங்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இப்போது கெட் எதற்குப் பயப்படுகிறான்? தமிழிலேயே எழுதலாம். ஆறாம் அத்தியாயத்தின் தலைப்பையும் எட்டாம் அத்தியாயத்தின் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது மாறியிருக்கும். அந்த மாற்றம் எந்த இடத்தில், யார் சொன்னதால் நடந்தது என்று தேடிப் பிடித்தால் நாவலின் பாதி கையில் வந்துவிட்டது.

எட்டாம் அத்தியாயம் கொஞ்சம் இழுக்கும். தாண்டிப் போனால் ஒரு மணல்திட்டைத் தவறவிடுவீர்கள். அங்கே உலகமே மறந்துபோன ஒரு கிழவனும் கிழவியும் தனியாக வாழ்கிறார்கள். கிழவி கெட்டின் கையில் ஓர் உடைந்த வளையத் துண்டைக் கொடுக்கிறாள். அவனுக்கும் அது என்னவென்று தெரியாது, கதையும் விளக்காமல் நகர்ந்துவிடும்.

படி 8: அடுத்து எது?

அந்த வளையத் துண்டுக்குப் பதில் 1971இல் வந்த இரண்டாம் நாவலில் இருக்கிறது: ‘தி டூம்ப்ஸ் ஆஃப் அதுவான்’. நாயகி டெனார் என்ற பெண், கெட் வெகுநேரம் தலைகாட்டவே மாட்டான், கதை பெரும்பாலும் நிலத்தடி இருட்டில். கடல் ஒத்துவராதவர்களுக்கு இது முதல் நாவலைவிடச் சுலபமாக ஓடும். மூன்றாவது 1972இல் வந்த ‘தி ஃபார்தஸ்ட் ஷோர்’. 2006இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம் பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறது, ஆகவே படத்தை முதலில் பார்த்தால் ஒன்றும் புரியாது. நான்காவதான ‘டெஹானு’ 1990இல் வந்தது. பதினெட்டு வருட இடைவெளியில் ஆசிரியரின் பார்வையே மாறியிருக்கிறது, கதையில் பெரியவர்களின் துயரமும் கூடியிருக்கிறது. அதைப் பிளஸ் டூ முடித்துவிட்டு எடுத்தால் போதும்.