அரிவாள் செல் பிறழ்வை ஜெல்லில் பிடிப்பது எப்படி?

டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்க்க, டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்குவென்சர் வேண்டியதில்லை. பிசிஆர் மெஷின் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுப்பது), ஒரு வெட்டு நொதி (குறிப்பிட்ட எழுத்து வரிசையில் டிஎன்ஏவை வெட்டுவது), ஜெல் ஓட்டும் வசதி (துண்டுகளை நீளவாரியாகப் பிரிப்பது) இருந்தால் ஒரே நாளில் விடை தெரிந்துவிடும். கை பழக நல்லது அரிவாள் செல் சோகை, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோய். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாள் அணுக்கள் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே பதிவு செய்துவிட்டார்கள்.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவின் 6-ஆவது கோடானில் (மூன்றெழுத்துச் சொல்லில்) ஜி-ஏ-ஜி என்பது ஜி-டி-ஜி ஆகிவிடுகிறது. மாறாத டிஎன்ஏவில் அந்த இடம் சி-டி-ஜி-ஏ-ஜி. டிடிஇ-1 என்ற நொதி வெட்டும் இடம் அது. ஏ போய் டி வந்தால் நொதி அதைத் தொடாது.

பிசிஆர்

ரத்தத்தை ஈடிடிஏ (உறையாமல் காக்கும் பொருள்) உள்ள குழாயில் எடுத்து, அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுங்கள். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது பிசிஆரைக் கெடுக்கும். ஜிஎச்20, பிசி04 என்ற பிரைமர் ஜோடி (நகலெடுக்கும் பகுதியின் இரு முனைகளைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) 268 பிபி (எழுத்து ஜோடி) நீளத் துண்டைத் தரும். 25 மைக்ரோலிட்டருக்கு: 2எக்ஸ் மாஸ்டர் மிக்ஸ் (நகலெடுக்கும் நொதியும் மற்றப் பொருள்களும் சேர்ந்த கலவை) 12.5, 10 மைக்ரோமோலார் பிரைமர்கள் தலா 1, டிஎன்ஏ 2 (மொத்தம் 50–100 நானோகிராம்), தண்ணீர் 8.5.

95 டிகிரியில் 5 நிமிடம். பிறகு 95, 55, 72 டிகிரிகளில் தலா 30 விநாடி, 35 சுற்று. கடைசியாக 72-ல் 5 நிமிடம். டிஎன்ஏ போடாத குழாய் ஒன்றும் கட்டாயம் ஓடட்டும். அதில் ஜெல்லில் பட்டை தெரிந்தால் எங்கோ கலப்படம். அன்றைய ரிசல்ட் எதையும் நம்பாதீர்கள்.

வெட்டு

பிசிஆர் கலவை 10, 10எக்ஸ் பஃபர் 2, தண்ணீர் 7, கடைசியாக நொதி 1 மைக்ரோலிட்டர் (10 யூனிட்). 37 டிகிரியில் 3 மணி நேரம். சீக்கிரம் வெட்டட்டுமே என்று நொதியைக் கூட்டி ஊற்றாதீர்கள்: அதிலுள்ள கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டினால் நொதி வேறு இடங்களிலும் வெட்டத் தொடங்கலாம். நொதிக் குழாய் ஐஸை விட்டு இறங்கவே கூடாது.

ஜெல்

100 மில்லி 1எக்ஸ் டிபிஇ பஃபரில் 3 கிராம் அகரோஸ். இவ்வளவு கெட்டியான ஜெல் எளிதில் பொங்கி வழியும். மைக்ரோவேவில் விட்டு விட்டுச் சூடாக்குங்கள். 50 பிபி லேடரோடு (நீளம் தெரிந்த துண்டுகளின் அளவுகோல்), 100 வோல்ட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓட்டுங்கள். சாயம் எத்திடியம் புரோமைடு என்றால் கையுறை அவசியம்.

படிப்பது

இந்த 268 பிபி துண்டுக்குள் பிறழ்வோடு சம்பந்தமில்லாத இன்னொரு டிடிஇ-1 இடமும் உண்டு. யாருடைய டிஎன்ஏவாக இருந்தாலும் அங்கே 32 பிபி கழன்றுகொள்ளும். மீதி இப்படி வரும்:

மாறாதவர்: 180, 56
கேரியர் (ஒரு பிரதி மட்டும் மாறியவர்): 236, 180, 56
இரு பிரதியும் மாறியவர்: 236

32 பெரும்பாலும் கண்ணில் படாது, 56-உம் மங்கல்தான். 236-ஐயும் 180-ஐயும் பார்த்தாலே போதும்.

அந்த இரண்டாவது வெட்டிடம்தான் இந்த முறையின் அழகு. 268-ல் பட்டை மிச்சமிருந்தால் நொதி வேலையை முடிக்கவில்லை என்று பொருள். அப்போது தெரியும் 236-ஐ வைத்துக் கேரியர் என்று எழுதிவிடக் கூடாது, திரும்ப வெட்டுங்கள். ஒவ்வொரு ஜெல்லிலும் விடை முன்பே தெரிந்த மூன்று வகை மாதிரிகளும் பக்கத்தில் ஓடினால் குழப்பம் குறையும்.

கேரியரில் 236 பட்டை 180-ஐ விடப் பளிச்சென்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். நீளத் துண்டு சாயத்தை அதிகம் பிடிக்கும். தவிர கடைசிச் சுற்றுகளில் மாறிய இழையும் மாறாத இழையும் ஜோடி சேர்ந்துவிட்டால் அதை நொதி வெட்டாது.

எங்கே ஏமாற்றும்?

ஹீமோகுளோபின் சி என்ற, அதே கோடானில் வரும் வேறொரு பிறழ்வில் அந்த இடம் சி-டி-ஏ-ஏ-ஜி ஆகிறது. நொதிக்கு நடு எழுத்து எதுவானாலும் சரி, வெட்டிவிடும்; ஜெல்லில் நார்மல் போலவே தெரியும். ஒரு பிரதியில் அரிவாள் பிறழ்வும் மறு பிரதியில் வேறிடத்தில் பீட்டா தலசீமியா (பீட்டா குளோபின் உற்பத்தி குறையும் நோய்) பிறழ்வும் உள்ளவர், நோயாளியாக இருந்தும் ஜெல்லில் வெறும் கேரியராகத் தெரிவார். அதனால் எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை) அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஜெல்லைப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத மாதிரியைச் சீக்குவென்சிங்குக்கு அனுப்புங்கள்.