வெப் டெவலப்மென்ட் வகுப்புக்குக் காசு கட்ட முன்: வீட்டிலேயே ஒரு முதல் பக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, கொள்ளுப்பிட்டியில் இறங்குவதற்குள் காலி வீதியில் எத்தனை கொம்பியூட்டர் வகுப்புப் பலகைகள் என்று எண்ணிப் பாருங்கள் (ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால்). ஆறு மாதத்தில் வெப் டெவலப்பர் ஆகலாம் என்று ஒன்று, வேலை நிச்சயம் என்று இன்னொன்று. ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) எழுதிய கையோடு அப்படி ஒரு பலகையை நம்பி நானும் ஓரிடத்தில் முற்பணம் கட்டினேன். முதல் மூன்று வாரமும் கணினியின் வரலாறும் வேர்ட்டுமாகப் போனது. நான்காவது வாரம்தான் இணையப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் என்ற சொல்லே காதில் விழுந்தது. கட்டிய காசு திரும்பத் தரப்படமாட்டாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் அதைத் திருப்பிப் பார்த்ததே அப்போதுதான்.

அதனால் இப்போது யார் வந்து கேட்டாலும் ஒன்றுதான் சொல்கிறேன். ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் செய்து இணையத்தில் ஏற்றுங்கள். வகுப்பை அப்புறம் தேடலாம்.

படி 1: கணினி

புது லப்டொப் தேவையில்லை. 8 ஜிபி ரேமும் (நினைவகம்) எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) உள்ள பழையது ஒன்று தாராளமாகப் போதும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கப் போனால், கடையிலேயே நோட்பேடைத் திறந்து எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் ஓடவும் விடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பிறகு பக்கத்தை எழுத உதவும் விஎஸ் கோட் என்ற எடிட்டரை இறக்கிக்கொள்ளுங்கள், அது இலவசம். டேட்டா குறைவென்றால் இரவு டேட்டா தொடங்கிய பிறகு இறக்கலாம்.

படி 2: பக்கம்

எதைப் பற்றிப் பக்கம் செய்வது? தெரிந்த ஒருவருக்குப் பயன்படும்படி செய்யுங்கள். எங்கள் மாடிக்குக் கீழே ஓர் அக்கா முறுக்கு, பயத்தம் பணியாரம், சிப்பிப் பலகாரம் எல்லாம் ஓடருக்குச் செய்து கொடுக்கிறார். என் முதல் பக்கம் அவருடைய விலைப்பட்டியல்தான். ஒரு தலைப்பு, ஒரு பத்தி, ஒரு பட்டியல், ஒரு படம், தொலைபேசி எண். சேர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி, 1991இல் வெளியுலகுக்குத் திறந்த உலகின் முதல் இணையத்தளத்தில் படம்கூட இல்லை, எழுத்தும் இணைப்புகளும் மட்டுமே. ஆகவே வெட்கப்பட வேண்டாம்.

ஒரு ஃபோல்டர் திறந்து, அதற்குள் இன்டெக்ஸ் என்ற பெயரில் எச்டிஎம்எல் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். கோப்புக்குள் ஓர் ஆச்சரியக்குறி மட்டும் போட்டு டாப் விசையை அழுத்துங்கள். பக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் தானாக வந்து விழும். அதில் இரண்டு வரிகளை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

ஒன்று, யூடிஎஃப்-8 என்று இருக்கும் வரி, எழுத்துகளை எந்த முறையில் வாசிப்பது என்று பிரவுசருக்குச் சொல்வது. அதை அழித்துவிட்டால் நீங்கள் எழுதிய 'முறுக்கு', பிரவுசரில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துக் கூட்டமாகத் தெரியக்கூடும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் குறைந்தது மூன்று பைட் பிடிக்கும். அந்த வரி இல்லாவிட்டால் பிரவுசர் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணிவிடுகிறது. இன்னொன்று, மொழி ஆங்கிலம் என்று சொல்லும் வரி. அதைத் தமிழுக்கு மாற்றுங்கள், ஆங்கில 'டி', 'ஏ' என்ற இரண்டு எழுத்துதான். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் தமிழைத் தமிழ்க் குரலில் வாசிக்க அது உதவும்.

அக்கா தந்த பட்டியல் அச்சகத்தில் அடித்தது, பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை அப்படியே ஒட்டினேன், திரையில் வந்தது பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்திலேயே உண்டு, மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

தலைப்புக்கு எச்1, பத்திக்கு பி, பட்டியலுக்கு யூஎல், அதன் ஒவ்வொரு வரிக்கும் எல்ஐ, படத்துக்கு ஐஎம்ஜி, இணைப்புக்கு ஏ. இவ்வளவு டாக் (ஒவ்வொரு பகுதியும் எது என்று காட்டும் குறி) போதும். தொலைபேசி எண்ணை இணைப்பாகப் போடும்போது முதல் பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 சேருங்கள். ஃபோனில் தொட்டதும் அழைப்புப் போகும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கும் வேலை செய்யும்.

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் இப்போதைக்கு ஒன்று மட்டும்: வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை 1.7 ஆக்குங்கள். கொம்பும் சுழியும் உள்ள எழுத்து நமது, நெருக்கினால் வாசிக்கக் கஷ்டம். பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிப் பக்கம் போகவே வேண்டாம்.

படம் சேர்த்ததும் அது திரையை விட்டு வெளியே ஓடும். ஃபோனில் எடுத்த படம் அவ்வளவு அகலம். அதைத் திருத்தாமல் விடுங்கள். பின்னால் ஒரு வேலை இருக்கிறது.

படி 3: இணையத்தில் ஏற்றுதல்

கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து, புது ரெப்போசிட்டரி (உங்கள் கோப்புகளுக்கான இடம்) ஒன்றை எல்லோருக்கும் தெரியும்படி உருவாக்கி, கோப்புகளை இழுத்துப் போடுங்கள். செட்டிங்ஸில் பேஜஸ் என்ற பகுதிக்குப் போய் மெயின் என்ற கிளையை (பிராஞ்ச்) தேர்ந்து சேமித்தால், சில நிமிடங்களில் உங்கள் பக்கத்துக்கு ஒரு முகவரி வரும்.

இங்கே நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன். வீட்டில் ஒழுங்காகத் தெரிந்த முறுக்குப் படம், ஏற்றிய பிறகு இல்லை. கோப்பின் பெயர் பெரிய எழுத்து ஜேபிஜியில் முடிந்தது, நான் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், கிட்ஹப்புக்கு இரண்டும் வேறு. அன்றிலிருந்து எல்லாப் பெயரும் சிறிய எழுத்து, இடைவெளியே கிடையாது.

படி 4: ஒன்லைனா, வகுப்பா?

ஒன்லைனில் காசில்லாமல் நல்ல பாடங்கள் இருக்கின்றன. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ட்ரெய்னி ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் திட்டத்தில் தொடக்கநிலை வெப் டிசைனும் பைதன் நிரலாக்கமும் உண்டு. 2014இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் தளம் பிரவுசருக்குள்ளேயே எழுதிப் பழக வைக்கும். சந்தேகம் வந்தால் தேடிப் பார்க்க எம்டிஎன் என்ற வெப் கையேட்டுத் தளம். ஆங்கிலம்தான், ஆனால் ஏ/எல் ஐசிடி படித்தவருக்குப் பழகிவிடும்.

ஆனால் தனியாக இருந்து படிப்பவர் மூன்றாம் வாரம் கைவிடுவது சாதாரணம். எனக்கும் அதுதான் நடந்தது. ஆள் பார்த்துக் கேட்டால்தான் வேலை நடக்கும் என்றால் வகுப்புக்குப் போங்கள், தவறில்லை. கட்ட முன் இவற்றைக் கேளுங்கள். விளக்கம் எந்த மொழியில்? இங்கிலிஷ் மீடியம் என்று போட்டிருந்தாலும் விளக்கம் சிங்களத்தில் ஓடும் வகுப்புகள் கொழும்பில் உண்டு. அது உங்களுக்குச் சரிவருமா என்று பாருங்கள். முந்தைய மாணவர்கள் செய்து இணையத்தில் ஏற்றிய பக்கங்களைக் காட்டுவார்களா? சான்றிதழ் என்விகியூவா (தேசிய தொழிற்தகைமை), அவர்களே அச்சடித்துத் தருவதா? என்விகியூ என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்த நிறுவனத்தின் பதிவைத் தேடலாம். ரசீதின் பின்பக்கத்தைப் பற்றி ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

படி 5: இலவச வகுப்பு

பல இடங்களில் முதல் வகுப்பு இலவசம். உங்கள் பக்கத்தை ஃபோனில் திறந்துகொண்டு போங்கள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம், "சேர், இந்தப் படம் ஏன் திரையை விட்டு வெளியே போகுது?" என்று கேளுங்கள். விடை சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரி: படத்தின் உச்ச அகலம் 100 சதவீதம். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, கோப்பைத் திறக்கச் சொல்லி, உங்கள் கையாலேயே அந்த வரியை எழுத வைத்தால் முற்பணத்தைக் கட்டலாம். "அது நாலாம் மாதம் வரும் தம்பி" என்றால் படியிறங்கி வந்து பஸ்ஸைப் பிடியுங்கள்.