சாதிக்காய்: பெண் மரத்திலிருந்து ஒட்டுக்கன்று

விதையில் முளைத்த சாதிக்காய்க் கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. அதற்கு 6, 7 வருடம் போய்விடும். அப்போது பார்த்தால் ஏறத்தாழப் பாதி ஆண். கண்டி, மாத்தளைப் பக்கம் வீட்டுத்தோட்டங்களில் இரண்டு மூன்று மரத்துக்குத்தான் இடம் இருக்கும். ஆகவே நன்றாகக் காய்க்கிற மரத்திலிருந்து ஒட்டுங்கள். வெட்டுத்துண்டை ஊன்றினால் இது எளிதில் வேர்விடாது, பெரும்பாலும் அழுகிவிடும்.

ஒட்டுக்கட்டைக்கு, அதாவது ஒட்டைத் தாங்கும் அடிக்கன்றுக்கு, மரத்திலேயே வெடித்த பழத்தின் கொட்டை வேண்டும். கொட்டையை மூடியிருக்கும் சிவப்பு வசுவாசியை உரித்து, ஓட்டோடு, ஈரம் காயுமுன் மணல் பாத்தியில் இடுங்கள். ஆட்டும்போது உள்ளே கடகடவென்றால் பருப்பு காய்ந்துவிட்டது, முளைக்காது. முளைக்க 1 முதல் 3 மாதம் செல்லும். பிறகு மேல்மண், மணல், கூட்டெரு சம அளவில் கலந்த பொலித்தீன் பைக்கு மாற்றுங்கள். தண்டோடு ஒட்டியிருக்கும் கொட்டையை உடைத்துவிடாதீர்கள். கன்றுக்குச் சாப்பாடு அதிலிருந்துதான் போகிறது.

ஒட்டுக்கிளையை, அதாவது அடிக்கன்றில் செருகும் கிளையை, தெரிவுசெய்வதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பக்கவாட்டில் படரும் கிளையை ஒட்டினால் கன்றும் பக்கவாட்டிலேயே படர்ந்து புதராகும். நிமிர்ந்து வளரும் கொழுந்துதான் மரமாகும். அப்படிப்பட்டவை ஒரு மரத்தில் குறைவு, தேடித்தான் எடுக்க வேண்டும். 10 செ.மீ. நீளம், 2 அல்லது 3 இலை போதும். இலைகளைப் பாதியாக நறுக்கிவிடுங்கள்.

கன்று முதல் இலை விடும் பருவத்தில், தண்டு பென்சில் அளவு தடித்ததும் மண்ணுக்கு மேல் 5 செ.மீ. விட்டு வெட்டி, நடுவில் 3 செ.மீ. ஆழத்துக்குப் பிளந்துவிடுங்கள். கிளையின் அடியை அதே நீளத்துக்கு ஆப்புப்போல் சீவி, வெட்டுமுகம் கறுக்குமுன் செருகுங்கள். பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலங்கள் தொட்டுக்கொள்ள வேண்டும். தடிப்பு ஒத்துவராவிட்டால் ஒரு பக்கத்தையாவது சரியாகப் பொருத்துங்கள். நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் சேராது. பொலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே பை மாட்டி நிழலில் வையுங்கள்.

பைக்குள் நீர் முத்துமுத்தாகத் திரண்டு ஒட்டில் வடிந்தால் பூஞ்சணம் பிடிக்கும். உதறிவிட்டு மறுபடி கட்டுங்கள். துளிர் இலையாக விரிந்தபின் பையின் நுனியை வெட்டி, ஒரு வாரம் கழித்துக் கழற்றுங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் துளிர் வாடும்.

நுவரெலியாக் குளிர் இதற்கு ஒவ்வாது. நடும்போது 8 மீட்டர் இடைவெளியும், முதல் இரண்டு மூன்று வருடம் நிழலும் வேண்டும். 10 பெண் மரத்துக்கு ஒரு ஆண் போதும். அயல் தோட்டத்தில் இருந்தால் அதுவே காணும்.