மயக்க மருந்து கொடுத்து நிகழ்த்தப்படும் பாலியல் வன்முறை: அறிவதும் புலனாய்வதும், தொடக்கநிலையினருக்கு

தங்கையோ தோழியோ காலையில் அழைத்து, "நேற்று இரவு என்ன நடந்தது என்றே தெரியவில்லை, ஆனால் ஏதோ நடந்திருக்கிறது" என்று சொன்னால் என்ன செய்வது என்று அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டம் பற்றிய பகுதிகள் இந்தியாவுக்கு உரியவை.

முதல் படி: ஐயம் கொள்ளுதல்

குடித்த அளவுக்குப் பொருந்தாத போதை, குளிர்பானமோ தேநீரோ அருந்திய சிறிது நேரத்திலேயே வந்த தள்ளாட்டம், சில மணி நேரம் முற்றாக நினைவில் இல்லாமை, வேறோர் இடத்தில் கண்விழித்தல், ஆடை கலைந்திருத்தல், காரணம் புரியாத வலி ஆகியவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே ஐயப்படலாம். இதற்கென்று அரிதான மருந்து எதுவும் தேவையில்லை. இத்தகைய வழக்குகளில் மிகுதியாகக் காணப்படுவது மதுதான். மருத்துவர் எழுதித் தரும் தூக்க மாத்திரைகளும் பயன்படுத்தப்படுகின்றன.

கொடுப்பவர் அந்நியராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரான்சின் மஸான் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜிசேல் பெலிகோவுக்கு அவருடைய கணவரே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் லோராசெபாம் என்ற மயக்கம் தரும் மாத்திரையை உணவிலும் பானத்திலும் கலந்து கொடுத்து, மயங்கிக் கிடந்தவரை வன்புணர்வு செய்ய வேறு ஆண்களையும் வரவழைத்தார். நினைவு தவறுவதற்காக அந்தப் பெண் மருத்துவர்களிடம் சென்றார். அல்சைமர் நோயோ மூளைக் கட்டியோ என்று அஞ்சினார். மருந்து கொடுக்கப்படுகிறது என்பது வெளிப்படவே இல்லை. 2020 செப்டம்பரில், கடையொன்றில் பெண்களை மறைவாகப் படமெடுத்ததற்காகக் கணவர் பிடிபட்டு, அவருடைய கணினி சோதிக்கப்பட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. 2024 டிசம்பரில் கணவர் உட்பட 51 பேர் தண்டிக்கப்பட்டார்கள். வீட்டுக்குள் தொடர்ந்து நினைவு தவறும் பெண்ணைப் பார்க்கும்போது, மருத்துவர்களுக்கும் உறவினர்களுக்கும் இந்த வழக்கு நினைவுக்கு வர வேண்டும்.

இரண்டாம் படி: முதல் சிறுநீரைக் காத்தல்

மூச்சு சீராக இல்லாவிட்டாலோ எழுப்பியும் எழாவிட்டாலோ முதலில் 108-ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலேயே இருங்கள். உயிருக்கு ஆபத்து இல்லையென்றால் அடுத்து எண்ண வேண்டியது சிறுநீரைப் பற்றித்தான். சில மருந்துகள் 12 மணி நேரத்துக்குள் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். ஆகவே கண்விழித்தபின் கழிக்கும் முதல் சிறுநீர் மிகவும் மதிப்புள்ள சான்று. மருத்துவமனை செல்லும்வரை அடக்க முடியாவிட்டால், மூடியுள்ள சுத்தமான பாட்டிலில் பிடித்து, நேரத்தை எழுதி, உடன் கொண்டு செல்லுங்கள். குளிக்காமலும் உடை மாற்றாமலும் இருப்பது நல்லது. மாற்றிவிட்டால், அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும், ஏனெனில் பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கித் தடயம் கெடும். ஏற்கெனவே குளித்துவிட்டார் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: மருத்துவமனை

அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், உடனடியாக, கட்டணமின்றிச் சிகிச்சை தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு சொல்கிறது. புகார் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப முடியாது. "மருந்து கலந்து கொடுத்திருக்கலாம் என்று ஐயப்படுகிறோம்" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உடலில் மருந்து இருக்கிறதா என்று அறியும் நச்சியல் ஆய்வுக்கான மாதிரி எடுக்கப்படாமலே போகலாம். பொதுவாக இரத்தம் 24 மணி நேரத்துக்குள்ளும் சிறுநீர் 120 மணி நேரத்துக்குள்ளும் எடுக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர் தானாக உட்கொண்ட மாத்திரை, மது எல்லாவற்றையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது, ஆய்வு முடிவைத் தவறாகப் படிப்பதைத் தடுக்கும். பரிசோதனைக்கு அவருடைய சம்மதம் கட்டாயம். பிறப்புறுப்பில் விரல்களை விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனையை உச்ச நீதிமன்றம் தடை செய்திருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையையும் எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் கேட்டுப் பெறுங்கள்.

நான்காம் படி: நினைவின் இடைவெளியை அப்படியே பதிவு செய்தல்

பெரும்பாலும் பிழை நேர்வது இங்கேதான். இத்தகைய மருந்துகள் பல, மனிதரைத் தூங்கவைக்கும் முன்பே மூளை புதிய நினைவுகளைச் சேமிப்பதை நிறுத்திவிடுகின்றன. அதனால் கண்காணிப்புக் கேமராவில் அவர் தாமே நடந்து போவதும், யாருடனோ பேசுவதும் தெரியலாம். மறுநாள் அவருக்கு அது எதுவும் நினைவில் இராது. அந்தக் காட்சியைக் கண்டு "விருப்பத்துடன்தானே போயிருக்கிறார்" என்று முடிவு கட்டும் புலனாய்வாளர், மருந்தின் இயல்பையே பாதிக்கப்பட்டவருக்கு எதிரான சான்றாக்குகிறார். போதையாலோ மயக்கப்பொருளாலோ விளைவை உணர முடியாத நிலையில் தந்த சம்மதம் சம்மதமே அல்ல என்று தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது.

எனவே கடைசியாகத் தெளிவாக நினைவிருப்பது எது, மீண்டும் தெளிந்தபோது முதலில் கண்டது எது, இடையில் ஒரு குரலோ வாசனையோ துணுக்காக நினைவிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். "அப்படித்தான் நடந்திருக்கும்" என்று நீங்கள் நிரப்பாதீர்கள். "நினைவில்லை" என்ற சொல் வாக்குமூலத்தில் அப்படியே இடம்பெறட்டும்; பிறர் சொல்லக் கேட்டு நிரப்பிய விவரம் குறுக்கு விசாரணையில் முதலில் உடையும்.

ஐந்தாம் படி: புகாரும் புலனாய்வும்

சம்பவம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். வாக்குமூலத்தைப் பெண் அலுவலரே பதிவு செய்ய வேண்டும். 181 என்ற எண்ணில் மகளிர் உதவி மையத்தை அழைத்தால் வழிகாட்டுவார்கள். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவராயின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது உங்கள் கடமையாகும். மயக்கப்பொருள் கொடுத்ததே பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவின் கீழ்த் தனிக் குற்றம். அது முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். விடுதி, உணவகக் கேமராக்களின் பதிவுகள் சில நாள்களிலேயே அழிந்து புதிய பதிவு ஏறிவிடும் என்பதால், அவற்றைக் கைப்பற்றுமாறு அன்றே எழுத்தில் கேளுங்கள். ஐயத்துக்குரியவரின் கைப்பேசி, கணினி, மருந்துச் சீட்டு, எஞ்சிய பானம், குவளை ஆகியவையும் அவ்வாறே. மஸானில் வழக்கை நிலைநிறுத்தியவை, கணவரே எடுத்துச் சேமித்திருந்த காணொளிகள்தான்.

ஆறாம் படி: ஆய்வறிக்கையைப் படித்தல்

"மருந்து எதுவும் காணப்படவில்லை" என்று அறிக்கை வந்தால், மாதிரி எடுக்கப்பட்ட நேரத்தில் காணப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். சம்பவத்துக்கும் மாதிரிக்கும் இடையே எத்தனை மணி நேரம், எந்தெந்த மருந்துகளுக்காக ஆய்வு செய்தார்கள் என்ற இரண்டையும் வழக்கறிஞர் வழியாகக் கேளுங்கள். தலைமுடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும், சிறுநீரில் மறைந்த மருந்தின் சுவடு சில சமயம் முடியில் எஞ்சியிருக்கும். ஆகவே சம்பவத்துக்கு நான்கு வாரங்கள் கழித்து முடி மாதிரி எடுக்க இயலுமா என்று புலனாய்வு அலுவலரிடம் கேட்டுவையுங்கள். அதுவரை முடியைக் குட்டையாக வெட்டவோ சாயம் பூசவோ வேண்டாம்.