6.9-ஐ எதால் வகுப்பது? ஓம், வாட் கணக்கில் நான் சறுக்கிய இடம்

சூத்திரம் இரண்டே வரி.

மின்தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

முதல் வரி ஜார்ஜ் ஓம் 1827-லேயே எழுதி வைத்தது. மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். அதில் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் போனது.

9 வோல்ட் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடையம்), ஒரு சிவப்பு எல்இடி விளக்கு, மூன்றும் வரிசையாக. முதல்முறை பேட்டரியிலேயே செய்யுங்கள், வீட்டு மின்சாரம் வேண்டாம்.

படி 1: மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ரெசிஸ்டரின் இரு கால்களிலும் அதன் ப்ரோப்களால் (அளக்கும் கம்பி முனைகளால்) தொடுங்கள். எனக்கு 6.9 வந்தது. பேட்டரியின் 9-ஐ எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். மிச்ச 2 வோல்ட்டை எல்இடி பிடித்து வைத்திருக்கிறது. எந்தப் பொருளின் தடை வேண்டுமோ, அதன் குறுக்கே உள்ள வோல்ட்தான் கணக்கில் வரும்.

படி 2: மின்னோட்டத்துக்கு மீட்டரின் சிவப்பு ப்ரோபை ஆம்பியர் துளைக்கு மாற்றி, சுற்றில் ஒரு கம்பியைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரைச் செருகணும். எனக்கு 15 வந்தது. அளந்ததும் சிவப்பு ப்ரோபை வோல்ட் துளைக்கே மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரியைத் தொட்டால் உள்ளே ப்யூஸ் போகும். எனக்கு இரண்டு போயிருக்கிறது.

படி 3: இங்கேதான் விழுந்தேன். 6.9 ÷ 15 = 0.46 ஓம் என்று எழுதிவிட்டு, ரெசிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டது என்று அதைப் பிடுங்கியும் போட்டேன். மீட்டர் காட்டியது 15 மில்லி ஆம்பியர், அதாவது 0.015 ஆம்பியர். 6.9 ÷ 0.015 = 460 ஓம். குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தால், அதன் மதிப்பைச் சொல்லும் வண்ணப் பட்டைகள் மஞ்சள், ஊதா, பழுப்பு, தங்கம்: 470 ஓம், 5 சதவீதம் முன்பின். கணக்கு கச்சிதம்.

பூஜ்யங்கள் குழப்பினால் ஒரு குறுக்கு வழி: வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில் வரும். 0.46 கிலோ ஓம், அவ்வளவுதான்.

இதனால்தான் புதிதாக வாங்குகிறவர்களுக்கு, அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ரேஞ்ச் மீட்டரை நான் சொல்வதில்லை. திரையோரம் பொடியாக ‘மில்லி’ குறி இருக்கும், கண்ணில் படாது. குமிழைக் கையால் திருப்புகிற மீட்டரில் எந்த அளவில் இருக்கிறோம் என்று விரலுக்கே தெரியும்.

படி 4: 6.9 × 0.015 = 0.10 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். இந்தக் கணக்கைப் போடாமல் ஒருமுறை கால் வாட் 100 ஓமை 12 வோல்ட்டில் நேராக மாட்டினேன். 0.12 ஆம்பியர், 1.44 வாட். வண்ணப் பட்டையெல்லாம் கறுத்து, அறை முழுக்க நாற்றம். கணக்கில் வருவதைப்போல இரண்டு மடங்கு தாங்குவதை வாங்குவது என் வழக்கம்.

பின்சேர்க்கை: 12 வோல்ட், 21 வாட் இழை பல்பைக் கணக்குப் போட்டால் 6.9 ஓம் வருகிறது, கழற்றி ஓம் மோடில் அளந்தால் ஒரு ஓம்கூடக் காட்டவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் சரிதான். டங்ஸ்டன் இழை சூடேற ஏறத் தடையும் பல மடங்கு ஏறும். மீட்டர் பார்த்தது ஆறிய இழையை. எரியும்போது உள்ள தடை வேண்டுமானால், எரியவிட்டு வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து வகுப்பதுதான் வழி.